நான் காட்டாத குடல்வால்

வெட்டி எடுக்கிறது டாக்டரோட வேலை, எடுத்ததைத் தட்டுல வச்சு வாசலுக்குக் கொண்டுபோய் சொந்தக்காரங்களுக்குக் காட்டுறது என்னோட வேலை.

திருவொற்றியூர்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். அதுல இருபத்தோரு வருஷமா நான் நர்ஸ். பேர் தேவகி. எங்க பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்லோ கட்டியோ, உள்ளேருந்து எதை எடுத்தாலும் கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. 'எடுத்தாச்சு'ன்னு டாக்டர் வாயால சொன்னா போதாது. அதனால அவர் கையைக் கழுவப் போனதும், ஸ்டீல் தட்டுல ஒரு துணியைப் போட்டு, அதுமேல அந்தத் துண்டை வச்சு, நான் கதவைத் திறப்பேன். பத்துத் தலை ஒரே நேரத்துல தட்டுமேல குனியும்.

நான் அதிகமா காட்டினது குடல்வால்தான். அப்பெண்டிக்ஸ்னு சொன்னா உங்களுக்குச் சட்டுனு புரியும். பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல சுண்டுவிரல் கணக்கா தொங்கிக்கிட்டு இருக்கும். காட்டும்போது கூடவே ஒரு வசனமும் சொல்லுவேன். "இது வேண்டாத சதைங்க. இருந்தாலும் பிரயோஜனமில்ல, எடுத்தாலும் நஷ்டமில்ல." எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அந்த வசனத்தை நம்பினவங்கள்ல ஒருத்தர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. காசிமேட்டுலேருந்து ஆழ்கடலுக்குப் போற போட்ல டிரைவரா இருந்தவர். இப்ப போறதில்ல. போக முடியாம ஆனதுல என் பங்கு எவ்வளவுன்னுதான் நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன். வயித்து வலிக்காரங்க, வயித்தால போயி நொந்தவங்க, நம்ம ஏரியா குழாய்த் தண்ணியைக் குடிச்சு வளந்தவங்க எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

நெத்திலி

ராயபுரத்துல மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க. அவங்க பையன் துறைமுகத்துல கன்டெய்னர் லாரி ஓட்டுறவன், நாலு நாளா வயித்தைப் புடிச்சுக்கிட்டு உருண்டவன். அம்மா கடையைப் பாதியில போட்டுட்டு, இடுப்புல சொருகின கத்தியோடயே வந்து நின்னாங்க. நான் தட்டை நீட்டினேன். சுத்தி நின்ன நாலு பேர் செல்போன்ல லைட்டைப் போட்டாங்க. ஒருத்தன் போட்டோ எடுத்து அங்கேயே ஸ்டேட்டஸ் வச்சான்.

அந்தம்மா மட்டும் திருப்தி ஆகலை. துணியைத் தூக்கி, அடியில வேற ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கேனான்னு பாத்தாங்க. அவ்வளவுதாம்மான்னேன். வேண்டாத சதை, விட்டுத் தள்ளுங்கன்னு என் வசனத்தையும் சொன்னேன். அவங்க தட்டைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "இத்தினிக்கூண்டு சதைக்கா அவன் தெருவையே கூட்டிகினு கெடந்தான்? இத நெத்திலி கூடையில போட்டா நெத்திலியே சிரிக்கும்!"

காலி டப்பா

திருநெல்வேலிப் பக்கத்துலேருந்து வந்து, தேரடிப் பக்கம் மளிகைக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி. சம்சாரத்துக்கு ஆபரேஷன். ஜெபமாலையும் கையுமா வாசல்ல நின்னார். தட்டைப் பாத்துட்டு கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். நான் வழக்கம்போல வசனத்தை எடுத்து விட்டேன். அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.

வேண்டாததுன்னா ஆண்டவர் அதை எதுக்கு வச்சார்னு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது ஆதிகாலத்துல பச்சை இலை தழை தின்னப்ப தேவைப்பட்டது, இப்ப சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு, யாரோ எனக்குச் சொன்னதை நானும் அடிச்சு விட்டேன். நர்ஸு சொன்னா அப்பீல் ஏது? ஆனா அண்ணாச்சி மசியலை. தட்டை இன்னொரு தடவை உத்துப் பாத்துட்டு மெதுவா சொன்னார். "எங்கடையில ஒரு காலி டப்பா கெடந்தாக்கூட அதுக்கு ஒரு காரியம் இருக்கும்லா தாயி. என்ன காரியம்னு கடைப் பையனுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான்."

எட்டாவது நாள்

தேசிங்கு எங்க வீட்டுக்காரருக்குச் சின்ன வயசு தோஸ்து. ரெண்டு பேருக்கும் எண்ணூர் முகத்துவாரக்குப்பம்தான் ஊர். ஒரே போட்ல இவர் டிரைவர், அவன் வலை இழுக்கிறவன். எங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டதும் அவன்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பொண்ணைக் கட்டிக்கிட்டு வர்றியான்னு குப்பமே மூஞ்சியைத் திருப்பினப்ப, எங்களுக்கு முதல்ல சோறு போட்டது தேசிங்கு வூடு.

அந்தத் தடவை கரையை விட்டுப் போயி எட்டாவது நாள் அவனுக்கு வயித்து வலி. தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு வலது பக்கம் கீழே இறங்கியிருக்கு. சோடா குடுத்திருக்காங்க, மாத்திரை குடுத்திருக்காங்க. மறுநாள் வலி திடீர்னு நின்னு போச்சாம். சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா இன்னொரு வலை போட்டிருக்காங்க. குடல்வால் வெடிச்சா கொஞ்ச நேரம் வலி அப்படித்தான் நிக்கும். அது எனக்குத் தெரியும். நடுக்கடல்ல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?

சாயந்தரம் ஜுரம் ஏறி வயிறு பலகையா ஆனப்புறம்தான் போட்டைத் திருப்பினாங்க. கரைக்கு ரெண்டு நாள் தூரம். துறைமுகம் கண்ணுக்குத் தெரியிற நேரத்துல உயிர் போயிடுச்சு. எங்க வீட்டுக்காரர் ஈர லுங்கியோட எங்க ஆஸ்பத்திரி படியில வந்து உக்காந்தார். அழல. என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "வயிறு ஒரு மாதிரியா கீதுன்னான்மே. பசியா இருக்கும்னு நான் சோறு போட்டேன்."

வியாழக்கிழமை போட்

அதுக்கு நாலு மாசம் கழிச்சு ஒரு திங்கட்கிழமை, எங்க வீட்டுக்காரருக்கு வலது பக்கம் லேசா சுருக்குன்னுச்சு. லேசாதான். வாயுவா இருக்கும்னு சொல்லிட்டு இட்லி சாப்ட்டார். எனக்குச் சாப்பாடே இறங்கல. வியாழக்கிழமை போட் கிளம்புது, பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் திரும்பும். இழுத்துக்கிட்டுப் போயி ஸ்கேன் எடுத்தேன், ரத்தம் பாத்தேன். எதுலயும் ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாம்னார் எங்க சர்ஜன். பொறுக்கவா? தேசிங்கு பொறுத்தானே, என்ன ஆச்சு? டாக்டர் ரூம்ல நின்னு கத்தினேன். வேண்டாத சதைதானே சார், எடுத்துப் போட்டுட்டா நான் நிம்மதியா தூங்குவேன்னேன். பன்னெண்டு வருஷமா அவருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கிறவ நான். என் பேச்சை அவரால தட்ட முடியல. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அதே வசனம்தான். அவர் என்னை நம்பிப் படுத்தார்.

பழுத்த குடல்வால் செவந்து, வீங்கி, சீழ் கோத்து இருக்கும். இது அப்படி இல்ல. வெளிர் ரோஸ் கலர்ல, மெல்லிசா, பளபளன்னு இருந்துச்சு. சர்ஜன் என்னை ஒரு பார்வை பாத்துட்டுத் தையலைப் போட ஆரம்பிச்சார். அன்னிக்கு மட்டும் நான் தட்டை எடுக்கல. நேரா மருந்துத் தண்ணி பாட்டில்ல போட்டு மூடி லேபுக்கு அனுப்பிட்டேன்.

வாசல்ல நாத்தனார் செங்கேணி. என்னை வெளியூர்க்காரின்னு ஏழு வருஷம் பேசாம இருந்தவ. எங்கடி காட்டுன்னா. பாக்கிற மாதிரி இல்ல அண்ணி, வெடிக்கிற நிலைமையில இருந்துச்சுன்னேன். கூசாமச் சொன்னேன். அவ என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "நல்ல வேளைக்கு நீ வந்து சேந்தடி எங்க வூட்டுக்கு. இல்லன்னா எந்தம்பியும் தேசிங்கு கணக்கா போயிருப்பான்."

நல்ல பீஸ்

லேபுலேருந்து ரிப்போர்ட் வந்துச்சு. எந்த நோயும் இல்லாத சாதாரணக் குடல்வால்னு ஒரே வரி. அதை நாலா மடிச்சு, பீரோவுல பட்டுப் புடவைக்கு அடியில வச்சேன். ஏன் கிழிக்கலன்னு தெரியல. கிழிச்சிருந்தா இன்னொரு பாவம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

லேப்ல வேலை பாக்கிற பாஸ்கருக்கு அது யாரோடதுன்னு தெரியாது. பாட்டில்ல பேஷன்ட் நம்பர்தான் இருக்கும். கேன்டீன்ல டீ குடிக்கும்போது என்கிட்ட வந்து சிரிச்சான். "யாருக்கு சிஸ்டர் இவ்ளோ அவசரம்? ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல பீஸ் பாத்தேன், குழந்தையோடது மாதிரி இருந்துச்சு."

ரசம்

ஒண்ணரை வருஷம் நல்லா ஓடுச்சு. எங்க வீட்டுக்காரர் தைரியமா கடலுக்குப் போனார், நானும் தைரியமா அனுப்பினேன். அப்புறம் ஒரு மழைக்கு எங்க தெருக் குழாய்ல தண்ணி மஞ்சளா வந்துச்சு. குடத்தைக் கிட்ட கொண்டுபோகவே குமட்டிச்சு. உங்களுக்குச் சொல்லணுமா? சாக்கடை எங்கேயோ உடைஞ்சு குழாய்க்குள்ள கலந்திருந்துச்சு. ரெண்டே நாள்ல தெரு மொத்தமும் படுத்துடுச்சு. வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. லாரித் தண்ணி கேட்டு ரோட்டுல உக்காந்தோம். குழாயைப் பாக்க வந்த ஆள் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாத்துட்டு, கொதிக்க வச்சுக் குடிங்கம்மான்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தார். எதிர்வீட்டுப் பார்வதியக்கா அவர் வண்டிச் சாவியைப் புடுங்கிக்கிட்டுக் கேட்டாங்க. "சாக்கடைய கொதிக்க வச்சா ரசமாய்டுமா நைனா? மொதல்ல நீ ஒரு டம்ளர் ஊத்திக்கினு போ."

பத்து பேர் போற போட்

தெருவுல எல்லாரும் நாலஞ்சு நாள்ல எழுந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரும் எழுந்தார். ஆனா நான் சும்மா இருப்பேனா? கையில மருந்து ரூம் சாவி இருக்கே. டாக்டரைக்கூட கேக்காம பவரான ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ், மிச்சம் மீதி எதுவும் இருக்கக் கூடாதுன்னு இன்னொரு கோர்ஸ் நானே குடுத்தேன். பத்தாம் நாள் திரும்ப வயித்தால போச்சு. முன்னைவிட மோசமா, ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை. நிக்கும், ரெண்டு வாரத்துல திரும்ப ஆரம்பிக்கும். எழுபத்தெட்டு கிலோ மனுஷன் சட்டைக்குள்ள தொளதொளன்னு ஆனார். மூணு தடவை இப்படி.

நடுவுல ஒரு தடவை, சரியாயிடுச்சுன்னு அடம் புடிச்சு கடலுக்குப் போனார். நாலாம் நாளே போட்டைத் திருப்ப வேண்டியதாச்சு. போட்ல கக்கூஸ் ஏது? ஓரத்துல கயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காரணும், அலை அடிச்சா ஆளே போயிடலாம். ஓனர் கெட்டவர் இல்ல. வீட்டுக்கே வந்தார், இளநீர் வாங்கிட்டு வந்தார். தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் சொன்னார். "பத்து பேரு உசுரு உன் கையில கீது ஏழுமல. நீ கயித்த புடிச்சிகினு ஓரத்துல குந்திகினு இருந்தா போட்ட யாரு புடிக்கிறது? வேற டிரைவர் போட்டுட்டேன், கோச்சுக்காத."

பதில் தெரியாத டாக்டர்

ஊருக்கு அந்தக் கோடியில குடல் டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசுக்காரர், நிதானமா பேசினார். எங்க வீட்டுக்காரரைப் படுக்க வச்சு வயித்தை அழுத்தும்போது தழும்பைப் பாத்தார். குடல்வால் எடுத்தாச்சான்னு கேட்டார். இவர் ஆமாங்கன்னார். அவரை டெஸ்டுக்கு வெளிய அனுப்பிட்டு, அது எதுக்கு சார் கேட்டீங்கன்னேன்.

டாக்டர் நர்ஸ்கிட்ட பேசுற மாதிரிதான் விளக்கினார். குடல்ல கோடிக்கணக்கா நல்ல பாக்டீரியா குடியிருக்கு. பேதி வந்தா வெள்ளம் மாதிரி அதையும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். குடல்வால் ஒரு முட்டுச்சந்து. வெள்ளம் அதுக்குள்ள அவ்வளவா போகாது. அங்கே ஒதுங்கின நல்ல பாக்டீரியா, வெள்ளம் வடிஞ்சதும் வெளிய வந்து குடலுக்குள்ள மறுபடியும் குடியேறும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அதோட சுவருக்குள்ள நோய் எதிர்ப்பு வேலையும் நடக்குது. சுத்தமா பிரயோஜனமில்லாததுன்னு இப்ப யாரும் சொல்றதில்லன்னார். ஆன்டிபயாடிக் நல்லதையெல்லாம் கொன்னுட்டா, மிச்சமிருக்கிற ஒரு கெட்ட கிருமி தனியா நின்னு ஆடும், உங்க வீட்டுக்காரருக்கு அதுதான்னார்.

எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வரல, தேசிங்கு ஞாபகம் வரல. பீரோதான் ஞாபகம் வந்துச்சு. அதை எடுக்காம இருந்திருந்தா இவருக்கு இப்படி ஆகியிருக்காதா சார்னு கேட்டேன். ஆமான்னு சொல்லியிருந்தா அழுது தீத்திருப்பேன். இல்லன்னு சொல்லியிருந்தா கோயிலுக்குப் போயிருப்பேன். அந்த மனுஷன் ரெண்டும் சொல்லல. "தெரியல சிஸ்டர். அது இருக்கிறவங்களுக்கும் இப்படி வருது, இல்லாதவங்க நிறைய பேருக்கு வராமலே இருக்கு. இவருக்கு எதனாலன்னு என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது."

ரிப்போர்ட்

புது மருந்துல மெல்ல மெல்ல அடங்குச்சு. ஆனா போன போட் போனதுதான். இப்ப எங்க வீட்டுக்காரர் முகத்துவாரத்துல சின்ன ஃபைபர் போட்ல நண்டு புடிக்கிறார். விடியக்காலம் போயி மதியத்துக்குள்ள வந்துடுவார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தண்ணி ஓடுற ஆத்துல என்ன பெரிய நண்டு கிடைக்கும்? காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அந்தாண்ட ஆழத்துல கப்பல் போறதைக் கரையில நின்னு பாப்பார். எந்தப் பக்கம் திரும்புதுன்னு தனக்குத் தானே சொல்லிப்பார்.

ஒரு ஞாயித்துக்கிழமை நண்டு வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தார். நான் பீரோவுலேருந்து ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்து எதிர்ல உக்காந்தேன். எல்லாத்தையும் சொன்னேன். ஸ்கேன்ல ஒண்ணுமில்லாதது, டாக்டர் பொறுக்கச் சொன்னது, குடல்வால் நல்லா இருந்தது, செங்கேணிகிட்ட நான் புளுகினது, நானா குடுத்த மாத்திரை. குடல் டாக்டர் தெரியலன்னு சொன்னதையும் சொன்னேன். அவர் கை நிக்கல, முடிச்சைப் பிரிச்சுக்கிட்டே கேட்டார். அறைஞ்சிருக்கலாம், கெட்ட வார்த்தையில திட்டியிருக்கலாம். எத்தினி பெருசு இருந்துச்சுன்னார். சுண்டுவிரலைக் காட்டினேன். அதையே பாத்துக்கிட்டுக் கேட்டார். "ஊரு ஜனத்துக்கெல்லாம் தட்டுல வச்சு காட்ற. என்னுத எனுக்கு ஏன்மே காட்டல?"

புது வசனம்

அன்னியோட பழைய வசனத்தை விட்டுட்டேன். போன வாரம் எண்ணூர்லேருந்து ஒரு பொண்ணு, பத்தொன்பது வயசு. குடல்வால் நெஜமாவே பழுத்து நுனி கறுத்துப் போயிருந்துச்சு. இன்னும் அரை நாள் விட்டிருந்தா தேசிங்கு கதைதான். தட்டோட கதவைத் திறந்தேன். அவ அப்பா துறைமுகத்துல கான்ட்ராக்ட் கூலி, யூனிஃபார்மோட நின்னார். வேண்டாததுதானே சிஸ்டர்னு அவரே எடுத்துக் குடுத்தார். இல்லங்க, இது வேண்டியதுதான், நல்லா இருந்த வரைக்கும் இதுக்கும் ஒரு வேலை இருந்துச்சு, ஆனா அழுகிடுச்சு, எடுக்கலன்னா பொண்ணு பிழைச்சிருக்காது, அதனால எடுத்தோம்னேன். இவ்வளவு நியாயமா என் ஜென்மத்துல நான் பேசினதில்ல.

அந்த மனுஷன் முகம் கோணிப் போச்சு. வேண்டியதுன்னா ஏன் எடுத்தீங்க, கழுவித் திரும்ப உள்ளேயே வச்சுத் தைக்கக் கூடாதான்னு அழ ஆரம்பிச்சுட்டார். சொந்தக்காரங்க கூடிட்டாங்க. சர்ஜன் வெளிய வந்து அரை மணி நேரம் சமாதானம் சொன்னார். அப்புறம் மேனேஜர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். திட்டல, உக்காரச் சொன்னார், ஃபேனைக்கூட என் பக்கம் திருப்பி வச்சார். "இருபத்தோரு வருஷமா உங்க மேல ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்ல சிஸ்டர். உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சீங்க, ஒரே மாசத்துல மூணு வந்துடுச்சு."

என்னைக் கேட்டா, மனுஷ உடம்புல ஒண்ணுத்துக்கும் உதவாத உறுப்புன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, அது என் வாய், அதை வெட்டி எடுக்கத்தான் எந்த டாக்டரும் முன்வர மாட்டேங்கிறார்.